கொத்தளத் தீவின் நீர்வாசல்

விடிந்ததிலிருந்து பனையந்துறைக் கரையில் ஒரே பேச்சு. சந்தியாகுவின் வள்ளம் திரும்பவில்லை! கச்சான் காற்று மண்ணை வாரி முகத்தில் அடித்தது. எச்சரிக்கைக் கொடி ஏறியிருந்ததால் எல்லாப் படகும் கரையில் ஏறிக் கிடந்தன. இப்படிப்பட்ட காற்றில், காது கெட்டுப்போன ஒரு மனிதன் கடப்பாரையையும் மண்வெட்டியையும் தூக்கிக்கொண்டு முந்தின நாளே யாரிடமும் சொல்லாமல் கடலேறிவிட்டான் என்றால் அவனைத் துணிச்சல்காரன் என்பதா, கிறுக்கன் என்பதா? அவன் தங்கை ஜெசிந்தாவைக் கேட்டால் இரண்டும்தான் என்பாள்.

ஆனால் அன்று அவள் அப்படி எதுவும் சொல்லும் நிலையில் இல்லை. தாயும் தகப்பனும் போனபிறகு அவளுக்கு மிச்சமிருந்தது அந்த ஒரு அண்ணன்தான். சங்கு குளித்து அவளை வளர்த்தவன். ஆழத்தில் காது ஜவ்வு கிழிந்து, இனிமேல் முங்கவே கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு, கரையில் சும்மா உட்கார்ந்து உட்கார்ந்து அவனுக்குப் பித்துப் பிடித்தது போல் ஆகிவிட்டது.

அந்த நேரம் பார்த்துத்தான் தமயந்தி வந்து சேர்ந்தாள். சென்னையிலிருந்து வந்தவள், பழைய அச்சுப் படங்களை ஆராய்கிறவள். டச்சுக்காரர்கள் இந்தக் கரையில் முதன்முதலில் கோட்டை கட்டிக் குடியேறிய காலத்துப் படம் ஒன்றின் நகலைக் கொண்டுவந்து கோயில் மண்டபத்தில் மாட்டினாள். இரண்டு ஆள் கைகோத்து நின்றாலும் எட்டாத நீளம்! கப்பல் தட்டில் நின்று பார்த்தால் கரை எப்படித் தெரியுமோ அப்படியே இருந்தது. நடுவில் கொடிமரம், அதன் கீழே சரக்கு வைக்கிற கிட்டங்கி, இரண்டு பக்கமும் கொத்தளம், தென்னை, குடிசை, தோணி. அன்றைக்குக் கரையோடு ஒட்டியிருந்த அந்த இடத்தைக் கடல் அறுத்துத் தனியாக்கிவிட்டது. இன்றைக்கு அதன் பெயர் கொத்தளத் தீவு. முள்ளும் செங்கல் மேடும்தான் அங்கே மிச்சம்.

ஊரே வந்து படத்தைப் பார்த்தது. எல்லாரும் கோட்டையைப் பார்த்தார்கள். சங்குக் கிட்டங்கியில் தரம் பிரிக்கிற வேலை பார்க்கும் ஜெசிந்தாவும் அவள் அண்ணனும் மட்டும் படத்தின் அடியில், தோணியிலிருந்து ஆட்கள் இறக்கிக் குவித்திருந்த சங்கைப் பார்த்தார்கள். ஒவ்வொரு சங்கும் வலம்புரி! லட்சத்தில் ஒன்று கிடைப்பதே அபூர்வம் என்கிற வலம்புரி, ஒரு ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. வெள்ளைக்காரனுக்குச் சங்கு வரையத் தெரியவில்லை என்று ஜெசிந்தா சிரித்தாள். சந்தியாகு சிரிக்கவில்லை. சுழி, வரி, முனை எல்லாம் இத்தனை சுத்தமாக வரைந்தவன் கண்ணால் பார்க்காமலா வரைந்திருப்பான் என்று கேட்டான். அன்றிலிருந்து அவன் சரியாகச் சாப்பிடவில்லை.

ஆகவே அவன் எங்கே போயிருப்பான் என்று ஜெசிந்தாவுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. கடலோரக் காவலுக்குப் போன் போட்டார்கள். காற்று தணிந்தால் வருகிறோம் என்று பதில் வந்தது. படகு வைத்திருந்த ஒவ்வொருவரிடமும் அவள் போய் நின்றாள். எல்லாரும் வானத்தைக் காட்டினார்கள்.

வானத்தைப் பார்க்காமல் எழுந்தவன் கபிரியேல் ஒருவன்தான். அவனுக்கும் சந்தியாகுவுக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. ஜெசிந்தாவைப் பெண் கேட்டு வந்தவனை, சங்குப் படுகையை மடிவலை போட்டுச் சுரண்டுகிற விசைப்படகுக்காரனுக்கு என் தங்கையா என்று வாசலோடு திருப்பி அனுப்பியவன் சந்தியாகு. அதன்பிறகு கபிரியேல் விசைப்படகை விட்டுவிட்டு ஒரு சின்ன பைபர் படகு வாங்கினான். அப்போதும் சந்தியாகு மனம் இறங்கவில்லை. இதையெல்லாம் நினைத்துப் பார்க்க அன்று யாருக்கும் நேரமில்லை. ஜெசிந்தா படகைத் தள்ளினாள், கபிரியேல் இயந்திரத்தைக் கிளப்பினான். தமயந்தி படச்சுருளைப் பிளாஸ்டிக் குழாயில் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டு ஓடிவந்து ஏறினாள். படத்தைக் கொண்டுவந்து மாட்டியது நான்தானே, நான் வராமல் எப்படி என்றாள். கபிரியேல் அவளுக்கு ஒரு மிதவைச் சட்டையும் ஒரு வாளியும் கொடுத்தான். வாளி எதற்கு என்று அவள் கேட்டாள். கொஞ்ச தூரத்தில் அவளுக்கே தெரிந்துவிட்டது.

சும்மா சொல்லக்கூடாது, குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தாலும் அந்தப் பெண் குழாயைக் கைவிடவில்லை. அலை படகைத் தூக்கித் தூக்கிப் போட்டது. கடலடிப் பாறைத் திட்டான பாரின்மேல் ஏறும்போது ஒரு அலை குறுக்கே விழுந்து பாதிப் படகை நிறைத்தது. வாந்தி வாளி இப்போது தண்ணீர் இறைக்கிற வாளியாயிற்று. ஒரு வழியாக மத்தியானம் சாயும் நேரத்துக்குத் தீவின் மறைவில் படகை ஒதுக்கினார்கள்.

சந்தியாகுவின் வள்ளம் அங்கேதான் நங்கூரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. ஆள் இல்லை. போனை எடுத்துப் பார்த்தார்கள், சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. முள்ளை விலக்கிக்கொண்டு மேலே ஏறினால் கொடிமரத்தின் கல்பீடம் தெரிந்தது. அதன் கீழே கிட்டங்கி இருந்த இடம் வெறும் செங்கல் மேடு. மேட்டின் உச்சியில் மண்வெட்டி கிடந்தது. அருகே புதிதாகச் சரிந்த குழி. ஜெசிந்தா அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டாள். அவள் குழியின் விளிம்பில் படுத்துக் காதை வைத்தாள். கல்லின்மேல் கல் தட்டுகிற சத்தம். டொக். டொக்.

உயிரோடு இருக்கிறான்!

செங்கல் சந்தில் கை நுழைகிற அளவுக்கு ஒரு இடுக்கு இருந்தது. அதன் வழியாகப் பேச முடிந்தது. நல்ல காதை அவன் இந்தப் பக்கம் திருப்ப வேண்டும், அவ்வளவுதான். நடந்ததை அவன் துண்டு துண்டாகச் சொன்னான். படி ஒன்று கண்ணில் பட்டிருக்கிறது. தோண்டி உள்ளே இறங்கியிருக்கிறான். அடியில் கமான் வளைந்த ஒரு நிலவறை. கால் வைத்ததும் பின்னால் படியோடு கூரை உட்கார்ந்துவிட்டது. ஒரு பழைய உத்தரம் கணுக்காலைக் கவ்விக்கொண்டது. எழுந்து நிற்க முடியவில்லை, உட்கார்ந்தபடியே கிடக்கிறான்.

“தண்ணி வருதுட்டி,” என்றான். “தரையில இருந்து ஊறி வருது. நேத்து ஏத்தத்துல நெஞ்சு மட்டும் வந்து நின்னுச்சு. இன்னைக்குப் பௌர்ணமி.”

அதற்குமேல் அவன் விளக்கவில்லை. கடற்கரையில் பிறந்த பிள்ளைக்கு விளக்க வேண்டியதும் இல்லை. நேற்று நெஞ்சு என்றால் இன்று மூக்குக்கு மேலே. பொழுது சாயும்போது கடல் உச்சத்தில் நிற்கும். இப்போதே ஏற ஆரம்பித்துவிட்டது.

கபிரியேல் செங்கல்லைப் பிடுங்க ஆரம்பித்தான். நாலு கல் எடுத்தால் எட்டுக் கல் சரிந்தது. உள்ளேயிருந்து அலறல் கேட்டது. நிறுத்திவிட்டார்கள். மேலேயிருந்து தோண்டினால் மிச்சக் கூரையும் அவன் தலையில் இறங்கும். வேறு வழி வேண்டும்!

தமயந்தி காற்றில் பறக்கிற படத்தை மண்டியிட்டு விரித்து நாலு மூலையிலும் செங்கல் வைத்தாள். கிட்டங்கி நடுவில்தான் இருக்கிறது, சந்தேகமில்லை. அதன் இடது பக்கச் சுவரில், தரையை ஒட்டி, ஒரு கமான் வாசல். தோணி அதன் வாய்வரை வந்து நிற்கிறது. ஆட்கள் சங்கை அங்கேதான் குவித்திருக்கிறார்கள். சரக்கை நேராக நிலவறைக்குள் இறக்குவதற்கான நீர்வாசல் அது என்றாள். கடலுக்கு முதுகு காட்டி நின்றால் இடது கைப்பக்கம் தெற்கு.

தெற்குச் சுவரில் மூன்று பேரும் விழுந்து தோண்டினார்கள். பார்ப்பதற்கு அது சுலபமான இடம். உலர்ந்த மணல் மேடு. கபிரியேல் மண்வெட்டியால் வெட்டி எறிந்தான். மற்ற இரண்டு பேரும் வாளியாலும் கையாலும் வாரினார்கள். தமயந்தியின் நகக்கண்ணில் ரத்தம் வந்தது. சுவர் தெரிந்தது. இன்னும் கீழே போனார்கள், மேலும் சுவர். அஸ்திவாரக் கல் வரைக்கும் போய்விட்டார்கள். கமானும் இல்லை, அடைத்த தடமும் இல்லை. சுண்ணாம்பு கொஞ்சமும் உதிராத முழுச் சுவர்!

கபிரியேல் மண்வெட்டியை எறிந்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான். தமயந்தி மறுபடியும் படத்தைப் பார்த்தாள். இடது பக்கம்தான், தெளிவாக இருக்கிறது, நான் தப்பாகப் படிக்கவில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. கடல் அதற்குள் வள்ளத்தை மணலுக்கு இன்னும் நெருக்கித் தள்ளியிருந்தது.

ஜெசிந்தா இடுக்குக்கு ஓடினாள். தண்ணீர் எதுவரை என்று கேட்டாள். இடுப்பைத் தாண்டிவிட்டது என்றான். அவனைப் பேச வைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று மட்டும் அவளுக்குத் தோன்றியது. பேச்சு நின்றால் தன் மூச்சு நின்றுவிடும் போல் இருந்தது. என்னத்தைப் பார்த்தாய் உள்ளே, உனக்கு வேண்டியது கிடைத்ததா என்று பாதி கோபத்தில் கேட்டாள்.

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்க அவளுக்குப் பயமாக இருந்தது.

“கெடக்கு ஜெசி. கை எட்டுற இடமெல்லாம் சங்குதான். நைட்டு பூரா ஒண்ணொண்ணா வாயில விரல விட்டுப் பாத்துட்டேன். எல்லாம் இடம்புரி. நீ தெனம் பொறுக்கிப் போடுதியே, அதே சங்கு. ஒண்ணுகூட வலம்புரி இல்ல. நான் ஏமாந்துட்டேன்.”

சந்தியாகுவின் விரல் பொய் சொல்லாது. கலங்கின கடலடியில் கண் தெரியாமல், தடவியே சங்கெடுத்த விரல் அது. ஜெசிந்தா அவனைத் திட்டுவதற்கு வாயைத் திறந்தாள். திறந்த வாய் அப்படியே நின்றது. படத்தில் இருப்பதும் இந்தக் கிட்டங்கிச் சங்குதான், உள்ளே கிடப்பதும் இந்தக் கிட்டங்கிச் சங்குதான். இங்கே எல்லாம் இடம்புரி. அங்கே எல்லாம் வலம்புரி. ஒன்று இரண்டு என்றால் வரைந்தவன் கை தவறியது எனலாம். ஒன்றுவிடாமல் எல்லாமே எப்படித் திரும்பும்?

அவள் விழுந்தடித்துக்கொண்டு தமயந்தியிடம் ஓடினாள்.

“மேடம், சாதாச் சங்கக் கண்ணாடில காட்டுனா வலம்புரியாத் தெரியும். இந்தப் படம் முழுக்க அப்படித் திரும்பியிருக்குமா?”

தமயந்தியின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! நெற்றியில் அடித்துக்கொண்டாள். அந்தக் காலத்தில் இங்கே வந்து படம் வரைந்தவன் ஒருவன். அதை ஐரோப்பாவில் உட்கார்ந்து செப்புத் தகட்டில் செதுக்கினவன் இன்னொருவன். செதுக்குகிறவன் படத்தை உள்ளபடியே தகட்டில் செதுக்கிவிட்டால், மை தடவிக் காகிதத்தில் ஒத்தி எடுக்கும்போது இடது வலதாகிவிடும், வலது இடதாகிவிடும். எழுத்தை மட்டும் ஜாக்கிரதையாகத் திருப்பிச் செதுக்குவார்கள், இல்லாவிட்டால் எல்லாரும் சிரிப்பார்கள். கரையைத் திருப்பிப் போட்டால் அங்கே யாருக்குத் தெரியப் போகிறது? கடல் தின்றுவிட்ட ஊரை ஒப்பிட்டுப் பார்க்க இங்கேயும் ஆள் இல்லை. இதையெல்லாம் அவள் ஓடிக்கொண்டேதான் சொன்னாள், வடக்குப் பக்கம் நோக்கி!

வடக்குச் சுவரின் காலில் கடலே நின்றது. தொடை அளவுத் தண்ணீரில் கபிரியேல் இறங்கி, காலால் துழாவினான். மண்வெட்டி அங்கே உதவவில்லை. வெட்டிய மணலை அலை திரும்பக் கொண்டுவந்து போட்டது. முங்கி முங்கிக் கையாலேயே வாரினான். நாலாம் முறை எழுந்தபோது அவன் முகத்தில் தெரிந்துவிட்டது. விரலுக்கு வளைவு தட்டுப்பட்டிருக்கிறது. கமான்!

மூன்று பேரும் வாரி வாரிக் கமானின் உச்சியில் ஒரு பொந்து திறந்தார்கள். முழுக்கத் தண்ணீருக்கு அடியில். அதற்குள் கபிரியேலின் ஒரு தோள்தான் நுழைந்தது. அடுத்த தோளைத் திணித்துப் பார்த்தான், சதை பிய்ந்ததுதான் மிச்சம். தமயந்திக்கு நீச்சல் தெரியாது. மிச்சம் இருந்தது ஜெசிந்தா. அவள் படகுக் கயிற்றை எடுத்து இடுப்பில் சுற்ற ஆரம்பித்தாள்.

இடுக்கு வழியாகச் சேதி போனதும் சந்தியாகு கத்தினான். பெண்பிள்ளை முங்கப் போவதாவது! அந்த ஊரில் சங்கு குளிக்கிற படகில் பெண் காலே வைக்கக் கூடாது. உள்ளே தூண் சாய்ந்து கிடக்கிறது, நீ வந்து மாட்டினால் நான் செத்தாலும் நெஞ்சு வேகாது, வராதே என்றான். ஜெசிந்தா வருவேன் என்றாள். தண்ணீர் கழுத்துக்கு வந்துவிட்டது என்பது அவன் குரலிலேயே தெரிந்தது. அண்ணாந்து பேசுகிற குரல்.

கடைசியில் அவன் கேட்டான்:

“கயிறு யாரு கையில?”

குளியாள் எல்லாரும் கேட்கிற கேள்விதான் அது. பனையந்துறையில் சங்கு குளிக்கிறவன் தன் கயிற்றைக் கூடப்பிறந்தவன் கையில்கூடக் கொடுக்க மாட்டான், மச்சான் கையில்தான் கொடுப்பான். பெண் கொடுத்தவனோ எடுத்தவனோ, குளிக்கிறவன் செத்தால் கயிறு பிடித்தவன் வீட்டுப் பெண்தான் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழ வேண்டும். அதனால் அந்தக் கை நழுவாது என்பது கணக்கு. கடலுக்குள் இருக்கிறவனுக்கு அதைவிடப் பெரிய காவல் கிடையாது.

ஜெசிந்தா ஒரு நொடி தயங்கினாள். பிறகு உள்ளதைச் சொன்னாள். கபிரியேல் கையில்.

கபிரியேல் தண்ணீரில் நின்றபடி எதிர்த் திசையைப் பார்த்தான்.

“அப்பச் சரி,” என்றது உள்ளிருந்த குரல். “எறங்கு.”

அவள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு பொந்துக்குள் நுழைந்தாள். இருட்டு! முதுகில் செங்கல் உரசியது, முழங்காலில் மணல் உரசியது. கயிறு பின்னால் சீராக வந்துகொண்டிருந்தது. எங்கே தலையைத் தூக்கினாலும் கூரை இடித்தது. நெஞ்சு வெடிக்கப் போகிறது என்றபோது தலை சட்டென்று காற்றுக்குள் வந்தது. பக்கத்திலேயே ஒரு மூச்சு இரைந்தது. கையை நீட்டினாள், அண்ணன் தாடி தட்டுப்பட்டது. தண்ணீர் அவன் தாடையில் நின்றது. அழக்கூடாது, அழக்கூடாது என்று சொல்லிக்கொண்டே அழுதாள்.

அழுதுகொண்டே முங்கினாள். உத்தரத்தைத் தடவி, இடுப்புக் கயிற்றை அவிழ்த்து அதன் நுனியில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சிட்டாள். ஒருமுறை மூச்சு போதவில்லை, மேலே வந்தாள், திரும்ப முங்கினாள். சங்குக் குவியல் காலடியில் சரசரவென்று உருண்டது. முடிச்சு இறுகியதும் கயிற்றை இரண்டு தரம் சுண்டினாள். வெளியே கபிரியேலுக்கு அது போதும். அவனும் தமயந்தியும் மணலில் குதிகாலை ஊன்றிப் பின்னால் சாய்ந்து இழுத்தார்கள். உத்தரம் அசையவில்லை. இன்னொரு இழுப்பு. அசையவில்லை. இப்போது சந்தியாகுவின் உதடு தண்ணீரில் இருந்தது. கபிரியேல் கயிற்றைத் தோளில் போட்டு, கரையைப் பார்க்கத் திரும்பி, வண்டிமாடு போல முக்கினான். உள்ளே மரம் முனகி ஒரு சாண் நகர்ந்தது. ஜெசிந்தா அண்ணன் காலைப் பிடித்து உருவினாள். அவன் போட்ட கத்தல் தண்ணீருக்குள்ளும் கேட்டது.

ஆனாலும் பாதி வேலைதான் முடிந்திருந்தது. கிழிந்த காதில் தண்ணீர் புகுந்தால் சந்தியாகுவுக்குத் தலை சுற்றும். மேல் எது கீழ் எது என்று தெரியாது. ஒல்லி உடம்பு பொந்தில் நுழைந்துவிடும், ஆனால் தானாக நீந்தி அதைத் தாண்ட அவனால் ஆகாது. ஜெசிந்தா முடிச்சை அவிழ்த்துக் கயிற்றை அவன் அக்குளில் கட்டினாள். மூச்சை அடக்கு, கையை ஆட்டாதே, கயிறு இழுக்கிற பக்கம் போ என்றாள். சிறு வயதில் அவன் அவளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்த அதே தோரணையில் சொன்னாள். இரண்டு சுண்டு. கயிறு விறைத்தது. அண்ணன் இருட்டுக்குள் போய்விட்டான். கூரைக்கும் தண்ணீருக்கும் நடுவே மூக்கை மட்டும் வைத்துக்கொண்டு அவள் ஒரு கணம்தான் காத்திருந்தாள். கயிறு திரும்பி வரும்வரை அவளுக்குப் பொறுமையில்லை. ஒரு மூச்சு இழுத்து, அவன் காலடியைத் தொட்டுக்கொண்டே பின்னால் நுழைந்தாள்.

வெளியே வந்தபோது வெளிச்சம் கண்ணைக் குத்தியது. கபிரியேலின் உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்து கிடந்தன. தமயந்தி சந்தியாகுவின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள். அவன் குடித்த தண்ணீரையெல்லாம் கக்கிக்கொண்டிருந்தான். கடல் அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கமானை முழுதாக மூடியது.

திரும்பும்போது காற்று கொஞ்சம் தணிந்திருந்தது. ஒரு சங்குகூட எடுத்து வரவில்லை. தமயந்தி ஒன்று சொன்னாள்: படத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான் தனக்குப் படிப்பு சொல்லிக் கொடுத்தார்கள், அது எத்தனை கை மாறி வந்தது என்று இனிமேல் முதலில் பார்க்கப் போகிறாளாம். நல்ல புத்திதான். படம் பார்க்கிற எல்லாருக்கும் ஆகும்.

கரையில் ஊரே கூடி நின்றது. பௌர்ணமி நிலா கடலுக்கு மேல் ஏறிக்கொண்டிருந்தது. படகு மணலில் தட்டியதும் ஆளாளுக்கு ஒரு கேள்வி. ஆள் பிழைத்தானா என்று பெண்கள் கேட்டார்கள். வலம்புரி கிடைத்ததா என்று ஆண்கள் கேட்டார்கள், வெட்கம் கெட்டவர்கள். சந்தியாகு உடைந்த காலோடு இறங்க முடியாமல் படகு விளிம்பில் உட்கார்ந்திருந்தான். கபிரியேல் தண்ணீரில் இறங்கி, தோல் உரிந்த கையை அவன் முதுகுக்குக் கொடுத்துத் தூக்கினான்.

“மெள்ள, மச்சான்,” என்றான் சந்தியாகு. “கால் வலிக்கு.”

கூட்டம் கப்பென்று அடங்கியது. படகுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற ஜெசிந்தா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். கூட்டத்திலிருந்த லூர்து மட்டும் பொறுக்க முடியாமல், என்னலே சொன்னே என்று கேட்டுவிட்டான்.

“மச்சான்னேன்,” என்றான் சந்தியாகு. “காது கெட்டது எனக்கா ஒனக்கா?”